விலாசம் தந்தவர்கள்

மைனி யாருக்காவது பதில் எழுதப் போகிறார் என்றால் எங்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். உளுந்து மாவு ஒட்டிய கையைக் குழாயடியில் கழுவுவார். முந்தானையில் துடைப்பார். நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, ஃபோனை மேஜை மேல் வைப்பார். கட்டிலில் சாய்ந்துகொண்டோ, ஒரு கையால் அடுப்பைப் பார்த்துக்கொண்டோ அவர் பதில் எழுதி நான் பார்த்ததில்லை. ஆள் ஒருவர் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிற மாதிரிதான் இருக்கும்.

எதிரே யாரும் இருக்கமாட்டார்கள். இருப்பதெல்லாம் ஒரு ஸ்டாரோ இரண்டு ஸ்டாரோ, அதன் கீழே முகம் தெரியாத ஒருவர் கோபத்தில் தட்டிவிட்ட நாலு வரி.

மைனி என் அண்ணனின் மனைவி. கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு அப்பளத்தை இணையச் சந்தையில் கொண்டுபோய்ச் சேர்த்தவன் அண்ணன்தான். பாக்கெட்டில் எங்கள் அம்மையின் பெயரைப் போட்டதும் அவன்தான். அப்பளம் இடுவது மைனியும் வேலைக்கு வரும் இரண்டு பெண்களும். பாக்கெட் கட்டி, விலாசம் ஒட்டி, கூரியர்க்காரர் வரும்போது எடுத்துக் கொடுப்பது என் வேலை. என் வீட்டுக்காரர் போன பிறகு நான் அண்ணன் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறேன். மைனி இறந்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கடை இப்போது இல்லை. ஆனாலும் யாராவது ஃபோனை வைத்துக்கொண்டு முகம் சுளித்தால், என்னை அறியாமல் நான் நாற்காலியைத்தான் பார்க்கிறேன்.

அப்பளத்தில் குறை சொல்ல வழியா இல்லை? உடையும். மழைக்காலத்தில் நமுத்துப்போகும். ஒருவருக்கு உப்பு கூடுதல், இன்னொருவருக்குக் காரம் போதாது. மைனி ஒவ்வொன்றையும் முதலில் சத்தமாக வாசிப்பார். திட்டு இருந்தால் அதையும் விடாமல், அதே குரலில், செய்தி வாசிப்பதைப் போல. பிறகு எழுதுவார். எழுதியதை என்னிடம் வாசித்துக் காட்டுவார். கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்.

"ஏம்மா, இத அவிய வீட்டு ஆளுவளுக்கு முன்னால வச்சு வாசிச்சா அவியளுக்கு வெக்கமா இருக்குமா?"

நான் கொஞ்சம் யோசித்தாலே போதும். அழித்துவிட்டு மறுபடி எழுதுவார்.

வடக்கே ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒருவர் ஒரு ஸ்டார் போட்டு எழுதியிருந்தார். ஒரே உப்பு, பிளாஸ்டிக்கைக் கடிப்பதுபோல இருக்கிறது, தின்னவே முடியவில்லை என்று. கூடவே படம். பொரிக்காத அப்பளம், ஓரத்தில் பல் பதிந்திருந்தது. மனிதர் பச்சையாகவே கடித்துப் பார்த்திருக்கிறார்! அப்பளம் இடும் பெண்கள் இரண்டு பேரும் மாவுக் கையோடு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அண்ணன் தன் கூட்டாளிகளின் வாட்ஸாப் குழுவுக்கு அந்தப் படத்தை அனுப்பப் போனான்.

"வேண்டாம்," என்றார் மைனி. "அனுப்பப்பிடாது."

"ஏளா, பேரு ஊரு ஒண்ணும் போடலயே. சும்மா சிரிக்கத்தான."

"அவியளுக்குத் தெரியல. தெரியாதவியகிட்ட வித்தது நாம. பொரிச்சுத் திங்கணும்னு பாக்கெட்டுல எங்கயாச்சும் போட்டிருக்கோமா?"

போடவில்லை. எங்கள் ஊரில் அப்பளத்தைப் பொரிக்க வேண்டும் என்று யார் யாருக்குச் சொல்லப் போகிறார்கள்? மைனி பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தவர், அந்தக் காலத்துப் பாடப்புத்தக ஆங்கிலம் நன்றாக வரும். தவறு எங்களுடையது, செய்முறையை அச்சிட்டிருக்க வேண்டும், புதிய பாக்கெட் அனுப்புகிறோம் என்று அந்த மனிதருக்கு எழுதினார். அதற்கடுத்து அச்சடித்த பாக்கெட்டுகளின் பின்பக்கம் எண்ணெய்ச் சட்டியின் படம் வந்துவிட்டது.

புகழ்ந்து எழுதினாலும் அதே நிதானம்தான். ஒரு அம்மாள் ஐந்து ஸ்டார் போட்டு, உங்கள் அப்பளம்தான் அப்பளம், மற்ற கடைக்காரர்கள் எல்லாம் திருடர்கள் என்று எழுதியிருந்தார். அண்ணன் அதை எல்லாருக்கும் காட்டினான். மைனி எழுதிய பதில்: "மிக்க நன்றி அம்மா. எங்கள் தெருவில் மற்றவர்களும் நன்றாகவே செய்கிறார்கள்." அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான்.

விலாசம் அச்சிட்ட தாள் தப்பாக வந்துவிட்டால் அதைக் குப்பையில் போட விடமாட்டார். கிழித்து அடுப்பில் போடச் சொல்வார். ஒருநாள் நான் அலுத்துக்கொண்டேன். இந்தத் தாளை யார் எடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்டேன்.

"வீடு, தெரு, ஃபோன் நம்பர் எல்லாத்தையும் நம்மள நம்பி நம்ம கையில தந்திருக்காவ," என்றார் மைனி. "கதவத் தொறந்து போட்டுட்டு நிக்கவியகிட்ட நாம எப்பிடி நடந்துக்கிடணும்? அவிய கோவப்படலாம். நாம படப்பிடாது."

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு முறை, பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது, தானாக ஒன்று சொன்னார். அவருடைய அக்காள் கல்யாணத்துக்கு டவுனில் ஒரு கடையில் சேலை எடுத்தார்களாம். முதல் தண்ணீரிலேயே சாயம் போய்விட்டது. அப்பாவும் இவரும் சேலையைக் கொண்டுபோய்க் காட்டினார்கள். கடைக்காரர் எழுந்து நின்று, கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "சேலைய அலசத் தெரியாதவிய எல்லாம் பட்டு எடுக்க வந்துருதாவ" என்றாராம்.

"எல்லாரும் திரும்பிப் பாத்தாவ. அப்பா அந்தச் சேலைய மடிச்சாவ. மடிச்சு முடிஞ்ச பொறவும் திரும்பப் பிரிச்சு மடிச்சுக்கிட்டே நின்னாவ."

அவ்வளவுதான் சொன்னார். டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த பெட்டியை எடுத்தார்.

ஒரு ஆவணி மாதத்தில்தான் அது நடந்தது. ஓணமும் முகூர்த்தமும் சேர்ந்து வருகிற மாதம் எங்களுக்கு முக்கியமானது. அந்த மாதத்து ஓட்டத்தை நம்பித்தான் இரண்டு பெண்களும் அவரவர் வீட்டில் எதையாவது திட்டம் போட்டு வைத்திருப்பார்கள். மாதத் தொடக்கத்தில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ஒரு ஸ்டார் போட்டு எழுதினார். பாக்கெட்டைப் பிரித்ததும் அப்பளத்தோடு ஒட்டி ஒரு முடி இருந்ததாம். நீளமான முடி. படமும் போட்டிருந்தார். அதோடு விட்டிருந்தால் ஒன்றுமில்லை. "பாக்கெட்டில் அம்மா பெயர் வேறு. அந்த அம்மா வளர்த்த லட்சணம் இதுதானா? சுத்தம் என்றால் என்னவென்றே தெரியாத ஜனங்கள்," என்று முடித்திருந்தார்.

மைனி அதையும் சத்தமாக வாசித்தார். அம்மை பெயர் வந்த இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கியது, நிற்கவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

நாங்கள் எல்லாரும் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் வேலை செய்வோம். அது எங்கள் முடிதானா, அந்த வீட்டில் பிரிக்கும்போது விழுந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

"நம்மளோடதா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்," என்றார் மைனி. "சாப்பாட்டுல முடியப் பாத்தா யாருக்கும் கொமட்டத்தான செய்யும்." அதையே எழுதினார். மன்னிப்புக் கேட்டு, இனி இன்னும் கவனமாக இருப்போம் என்று எழுதினார். அம்மையைப் பற்றிய வரிக்கு ஒரு சொல்கூடப் பதில் இல்லை.

ஆனால் படம் படம்தான். முடியைப் பார்த்தவர்கள் பதிலை வாசிக்கவா போகிறார்கள்? ஆர்டர் மளமளவென்று குறைந்தது. கட்டி வைத்த பெட்டிகள் அப்படியே இருந்தன.

பிறகு ஒரு காலையில் அந்த ஒரு ஸ்டார் காணாமல் போய்விட்டது. படமும் இல்லை, வரிகளும் இல்லை, கீழே மைனி எழுதிய பதிலும் இல்லை. மைனி ஃபோனை மேலும் கீழும் தள்ளித் தேடிக்கொண்டிருந்தபோது அண்ணன் உள்ளே வந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"என்ன தேடுத? போயிட்டுல்லா?"

"எப்பிடிப் போச்சு?"

"நாந்தான் ஃபோன் போட்டேன். நம்பர்தான் சீட்டுலயே இருக்கே."

மைனி ஃபோனை மேஜை மேல் வைத்தார்.

"நான் ஒண்ணும் தப்பா பேசல ளா. ஒரு கெட்ட வார்த்த கெடையாது. எங்கம்மையப் பத்தி எழுதுததுக்கு நீ யாருன்னு கேட்டேன். ஒங்க வீடு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன். அம்புட்டுதான். 'எடுத்தர்றேனுங்க, எடுத்தர்றேனுங்க'ன்னு அழுதுட்டா."

மைனி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வீடு தெரியும்னா சொன்னிய?"

"ஆமா. பின்ன தெரியாதா?"

"நம்ம பாக்கெட்டு போய்ச் சேரணும்னு தந்த விலாசம் அது."

"அவ எங்கம்மையச் சொல்லுவா, நான் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

அண்ணன் கேட்டதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. எனக்கும் அம்மைதானே. ஆனால் தனியாக இருக்கும் வீட்டில் முன்பின் தெரியாத ஆண்குரல் ஒன்று உன் வீடு எனக்குத் தெரியும் என்று சொன்னால் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

அன்று முழுக்க மைனி அப்பளம் இடவில்லை. அவருடைய தவிப்பு எனக்குப் பைய பையத்தான் புரிந்தது. மன்னிப்புக் கேட்க இடம் இல்லை. அந்தப் பெண் எழுதியது இருந்தால் அதன் கீழே எழுதலாம், அது அழிந்துவிட்டது. ஃபோன் செய்யலாம் என்றேன். "இன்னொரு தடவ அந்த நம்பருலருந்து மணி அடிச்சா அந்தப் பிள்ள என்ன பாடுபடும்?" என்றார். கடையின் பெயரில் ஒரு செய்தி அனுப்பலாமே என்றேன். அதுவும் வீட்டுக்குள் போய் நிற்கிற மாதிரிதான், வேண்டாம் என்றார். "நாம அவிய இருக்க எடத்துக்குப் போவப்பிடாது. நம்ம வாசல்ல நிக்கணும். அவியளா இந்தப் பக்கம் வந்தா பாக்கட்டும்."

மறுநாள் கையைக் கழுவிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். எங்கள் அப்பளத்தைப் பற்றிய விவரம் இருக்கும் பக்கத்தில், உளுந்து, பிரண்டை, சீரகம் என்று தொடங்குவதற்கு மேலே, இப்படி எழுதினார்:

"எங்கள் பாக்கெட்டில் நீளமான முடி ஒன்று இருந்ததாக ஒரு வாடிக்கையாளர் இங்கே எழுதியிருந்தார். அதை எழுதியதற்காக அவருக்கு ஃபோன் செய்து அவர் பயப்படும்படி பேசிவிட்டோம். அதனால் அவர் எழுதியதை அழித்துவிட்டார். அழித்தது அவர் விருப்பம் அல்ல. குறை சொல்லும் உரிமை வாங்குகிறவர்களுக்கு உண்டு. அவரிடம் மன்னிப்புக் கேட்கிறோம்."

அந்தப் பெண்ணின் பெயரோ ஊரோ இல்லை. அம்மையைப் பற்றிய வரியும் இல்லை.

இதைப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று நான் கேட்டேன். மைனி அதைப் போட்டுவிட்டார். வழக்கமாகக் கேட்கும் அந்தக் கேள்வியை அன்று என்னிடம் கேட்கவில்லை.

குறைந்த ஆர்டர் அதற்குப் பிறகு கூடவே இல்லை. மூத்த பெண் ஒருநாள் மாவு உருட்டிக்கொண்டே தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"அக்கா, அத இப்போதைக்கு எடுத்துரலாம்லா? ஓணம் முடியட்டும். பொறவு போட்டுக்கிடுவோம்."

"ஓணம் முடிஞ்ச பொறவு யாரு வந்து பாப்பா?" என்றார் மைனி. மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த மாதத்திலிருந்து இருவரும் முறை போட்டு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வேலைக்கு வந்தார்கள்.

அண்ணனுக்கு விஷயம் டீக்கடையில்தான் தெரிந்தது. "என்ன வே, ஒம்ம பொண்டாட்டியே ஒம்மப் பத்தி உலகத்துக்கே எழுதிப் போட்டிருக்காளாமே" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எவளோ ஒருத்தி. அவளுக்காக என்னய சந்தி சிரிக்க வச்சுட்டேல்லா?"

மைனி மாவு உருண்டைகளை எண்ணித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கம்மைய ஏசுனவளுக்கு ஒரு மரியாத. தாலி கட்டுன எனக்கு என்ன மரியாத?"

யாரோ எழுதிய திட்டுக்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொல்கிறவர், எதிரே நின்று கேட்டவனுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அண்ணன் அந்த வாரமே கூடங்குளத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வருவான். சாப்பாடு வேண்டுமா என்பதுகூட என் வழியாகத்தான் போய் வந்தது.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "மைனி, யார் யாருக்கோ தன்மையா எழுதுதிய. அண்ணங்கிட்டயும் ஒரு வார்த்த அப்பிடிப் பேசக்கூடாதா?" என்றேன்.

மைனி சொன்னார். "ஒங்க அண்ணன் என்கிட்ட சாமான் வாங்க வந்தவிய இல்லயே."

அன்று முதல்முறையாக அவரிடம் எனக்கு ஒரு பயம் வந்தது. முகம் தெரியாத ஒருத்தி வெட்கப்படக் கூடாது என்று அத்தனை கணக்குப் பார்த்தவர், கூட வாழ்ந்தவன் எப்படித் தலை நிமிர்ந்து தெருவில் நடப்பான் என்று ஏன் யோசிக்கவில்லை? யோசித்துத்தான் செய்தாரா? மரியாதை என்பது தூரத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்தானா? இந்தக் கேள்விகளை நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

தை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மழையெல்லாம் ஓய்ந்து வெயில் நன்றாக அடித்தது. முற்றத்தில் அப்பளம் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணன் வந்து காலையிலேயே பேப்பரும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். கடைக்கு ஒரு செய்தி வந்தது. அந்தக் கோயம்புத்தூர்ப் பெண்தான். ஒரே வரி.

"பார்த்தேன். எடுத்துவிடுங்கள்."

மன்னித்தேன் என்றும் இல்லை, நன்றி என்றும் இல்லை. மைனி அதை வாசித்துக் காட்டினார். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு நேராக அண்ணனிடம் போனார். அந்த வீட்டில் மாதக்கணக்காக நான் பார்க்காத காட்சி.

"அவிய எடுக்கச் சொல்லுதாவ. நீங்களே எடுங்க."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். ஃபோனை வாங்கினான். மைனி எழுதியதை வாசித்தான். மறுபடி மேலிருந்து வாசித்தான்.

"எம்பேரு இல்லயே," என்றான்.

"இல்ல."

"'பேசிவிட்டோம்'னு போட்டிருக்க."

"ஆமா."

"டீக்கடையில எல்லாவனும் நீ எம்பேரப் போட்டு எழுதியிருக்கன்னுல்லா சொன்னானுவோ."

"நீங்க இத வாசிக்கவே இல்லயா?"

அண்ணன் இல்லை என்று தலையசைத்தான். அத்தனை மாதமும் தான் வாசிக்காத ஒன்றுக்காக அவன் கூடங்குளத்தில் தகரக் கொட்டகையில் படுத்துக் கிடந்திருக்கிறான். மைனிக்கும் அது அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் அன்னைக்கே ஒங்ககிட்ட வாசிச்சுக் காட்டியிருக்கணும்," என்றார்.

அண்ணன் அந்த வரிகளை அழித்தான். அழித்துவிட்டு ஃபோனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருந்தான்.

"இவியளுக்குப் பதில் போடணும்லா?"

"போடணும்."

மைனி எழுதித் தருவார் என்று நான் நினைத்தேன். அவர் முற்றத்துக்குப் போய் அப்பளத்தைத் திருப்பிப் போட ஆரம்பித்தார். அண்ணன் ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினான். வெயில் முற்றத்தின் பாதிக்கு ஏறும் வரை தட்டினான். பிறகு எழுந்து போய் மைனியிடம் நீட்டினான். அவர் குனிந்தபடியே, கையை நீட்டாமல் வாசித்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"எடுத்துவிட்டேன். அன்று ஃபோனில் உங்களிடம் பேசியது நான் மட்டும்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் பேசியது தவறு."

தன்னுடைய ஒவ்வொரு வாக்கியத்தையும் அழித்துத் திருத்துகிறவர், அதில் ஒரு எழுத்தையும் தொடவில்லை.

"அனுப்புங்க," என்றார்.

பதில் வரவில்லை. மைனி அதை எதிர்பார்க்கவும் இல்லை. அப்பளத்தை எடுத்து அடுக்கிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அண்ணன்தான் அன்று கூடங்குளம் பஸ்ஸுக்குப் போகாமல், பொழுது சாயும் வரை முற்றத்தில் உட்கார்ந்து, மைனியின் ஃபோனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.